மரக்கால் வேலி: தரைமட்டத்தில் இற்றுப்போகாமல் ஊன்றுவது எப்படி?

வேலி போட்ட முதல் ஆண்டில் எந்த மரக்காலும் உறுதியாகத்தான் நிற்கும். இரண்டு மூன்று மழைக்காலம் கடந்த பிறகுதான் குறை தெரியவரும். ஒரு மாடு உரசினாலே கால் முறிந்து கம்பி தளரும். அந்தச் சந்து வழியே ஆடு மாடுகள் இறங்கினால், ஒரே இரவில் கடலையும் சோளமும் போய்விடும்.

வயலாய்வுக்குச் செல்லும் இடங்களில் சாய்ந்த வேலியைப் பார்த்தால், முறிந்த காலைக் கையில் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் எல்லாக் கால்களும் தரைமட்டத்தை ஒட்டியே இற்றிருக்கும். மேல்பகுதி கெட்டியாக இருக்கும். குழிக்குள் இருக்கும் அடிமுனையும் பல நேரம் நன்றாகவே இருக்கும். ஆகவே தரைக்கு மேலும் கீழுமாக உள்ள அந்த ஓர் அடியைப் பாதுகாப்பதுதான் முக்கியம்.

தரைமட்டத்தில் மட்டும் ஏன் இற்றுப்போகிறது?

மரத்தை மக்கச் செய்வது பூஞ்சணம். அது வளர ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தில் ஈரம் 20 சதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளராது. தரைக்கு மேலே உள்ள பகுதி மழையில் நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடும். ஆழத்தில் ஈரம் உண்டு, ஆனால் காற்று குறைவு. தரைமட்டத்தில் மட்டும் ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. கரையானும் மண்ணிலிருந்து அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

எந்த மரம் ஏற்றது?

மரத்தின் பெயரை விட வைரம் எவ்வளவு பாய்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். முற்றிய தேக்கு, வேங்கை, கருவேல், வேம்பு ஆகியவற்றின் நடுவில் உள்ள கருத்த வைரப்பகுதி பூஞ்சணத்தையும் கரையானையும் ஓரளவு தாங்கும். வெளிப்புறம் உள்ள வெளுத்த பகுதி எந்த மரத்திலும் தாங்காது. தேக்காக இருந்தாலும் இளங்கட்டை சீக்கிரமே உளுத்துவிடும். தேக்கு போன்ற மரங்களை வெட்டும் முன் வனத்துறை அலுவலகத்தில் விதிமுறைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை குறைவாகக் கிடைக்கும் சவுக்கு, தைலமரக் கழிகளில் பெரும்பகுதி வெளுத்த கட்டைதான். மருந்து ஏற்றாமல் ஊன்றினால் நீண்ட நாள் நிற்காது. ஓரிரு பருவத்துக்கான பந்தல் கால் என்றால் பரவாயில்லை. நிரந்தர வேலிக்கு அதை அப்படியே ஊன்ற வேண்டாம்.

செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 835 அடி. 10 அடிக்கு ஒன்று என்றால் 84 கால்கள் வேண்டும். நல்ல காலானாலும் மட்டமான காலானாலும் 84 குழி வெட்டும் கூலி ஒன்றுதான். மட்டமான கால் இற்றுவிட்டால் கம்பியைக் கழற்றி, பழைய கட்டையைத் தோண்டி, மறுபடியும் குழி வெட்ட வேண்டும். காலில் மிச்சம் பிடித்த பணம் அந்தக் கூலியிலேயே போய்விடும்.

மருந்து ஏற்றிய கால்கள்

தூரிகையால் பூசும் மருந்து மரத்தின் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆலைகளில் கழிகளை இரும்பு உருளைக்குள் அடைத்து, அழுத்தம் கொடுத்து மருந்தை உள்ளே செலுத்துகிறார்கள். இப்படி ஏற்றும் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவையை 1933ஆம் ஆண்டு டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியவர் நம் நாட்டு அறிவியலாளர் சோந்தி காமேசம். வெளுத்த கட்டை மருந்தை நன்றாக உறிஞ்சும் என்பதால், சவுக்கும் தைலமரமும் இம்முறையில் நல்ல வேலிக்கால்களாகின்றன.

இத்தகைய கால்களை வாங்கினால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. அறுத்த முனையை மண்ணுக்குள் வைக்காதீர்கள். அறுத்த இடத்தில் மருந்து ஏறாத உள்கட்டை வெளிப்படும். உயரம் குறைக்க வேண்டுமானால் மேல்முனையில் மட்டும் அறுங்கள்.
2. துண்டுகளையும் பழைய கால்களையும் அடுப்பில் எரிக்கவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். அந்தச் சாம்பலைப் பாத்திரம் துலக்கவோ உரமாகவோ பயன்படுத்தக் கூடாது.
3. தீவனத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி செய்ய இந்த மரத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

வழக்கத்தில் உள்ள சில தவறுகள்

அடிமுனையைச் சுட்டுக் கரியாக்குவது: கரிப்படலம் வெடித்து அந்த வெடிப்பு வழியே ஈரம் உள்ளே போகும். இதை மட்டும் நம்பி ஊன்ற முடியாது.

கழிவு எஞ்சின் ஆயில் பூசுவது: ஆழமாக இறங்காது. மண்ணையும் கிணற்று நீரையும் கெடுக்கும். தோலில் படுவதும் நல்லதல்ல.

பாலித்தீன் பை சுற்றுவது: மேலிருந்து இறங்கும் மழைநீர் வெளியேற முடியாமல் பைக்குள்ளேயே தங்கும். கால் இன்னும் சீக்கிரம் மக்கும்.

தலைகீழாக ஊன்றுவது: நுனியைக் கீழே வைத்தால் மக்காது என்ற எண்ணம் சில ஊர்களில் உண்டு. பருமனும் வைரமும் அடிப்பக்கத்தில்தான் அதிகம். அதுவே மண்ணுக்குள் இருக்கட்டும்.

ஊன்றும் முறை

தை, மாசியில் மரத்தை வெட்டி உடனே பட்டையை முழுவதும் உரித்துவிடுங்கள். பட்டைக்கு அடியில்தான் ஈரமும் வண்டும் தங்கும். தரையில் படாமல் கல்மேல் அடுக்கி, நிழலில் இரண்டு மூன்று மாதம் காயவிடுங்கள். கோடை மழைக்குப் பின் மண் பதமாக இருக்கும்போது ஊன்றினால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் மண் நன்றாக இறுகிவிடும்.

* ஆழம்: 7 அடிக் காலுக்கு 2½ அடி ஆழம் தேவை. மூலைக்கால், வாசல்கால் ஆகியவற்றுக்கு 8 அடி நீளம், 3½ அடி ஆழம்.
* அகலம்: காலைச் சுற்றித் திமிசு இறங்கும் அளவுக்கு இடம் போதும். குழியை வீணாக அகலப்படுத்தினால் மண் இறுகாது.
* அடியில்: அரை அடி கூடுதலாக வெட்டி, அந்த அளவுக்குச் சரளை அல்லது ஜல்லி போட்டு இடியுங்கள். அடியில் நீர் தேங்காது.
* நிரப்புதல்: தூக்குக்குண்டு பிடித்துக் காலை நேராக நிறுத்துங்கள். அரை அடி மண் போட்டு நன்றாக இடித்த பிறகே அடுத்த அரை அடி போட வேண்டும். மண்ணை மொத்தமாகத் தள்ளி மேலே மட்டும் மிதிப்பதால்தான் பல கால்கள் ஆடுகின்றன.
* குழிக்குள் சருகு, வேர், மரச்சீவல் எதுவும் விழக் கூடாது. இவை கரையானை வரவழைக்கும்.
* மேலே: காலைச் சுற்றித் தரையிலிருந்து மூன்று அங்குலம் உயரத்துக்கு மண்ணைக் குவித்து, வெளிப்பக்கம் சரிவாக இடியுங்கள். மழைநீர் காலருகே தேங்காமல் வழிந்துவிடும். முதல் மழைக்குப் பின் இடைவெளி தெரிந்தால் மண் போட்டு மறுபடி இடியுங்கள்.

செம்மண்ணில் இந்த முறையே போதும். கரிசல் மண் கோடையில் வெடித்துக் காலை விட்டு விலகும் என்பதால் அரை அடி ஆழம் கூட்டி, சரளை கலந்து நிரப்புங்கள். மணற்பாங்கான நிலத்திலும் ஆழத்தைக் கூட்டி, காலைச் சுற்றிக் கற்களை இறுக்கிக் கெட்டிப்படுத்துங்கள்.

கான்கிரீட் தேவையா?

இடைக்கால்களுக்குத் தேவையில்லை. அடியையும் மூடிக் கான்கிரீட் போட்டால் அது ஒரு கிண்ணம் போல் ஆகிவிடும். மரம் காய்ந்து சுருங்கும்போது உண்டாகும் இடுக்கில் நீர் இறங்கி, வெளியேற வழியின்றித் தங்கும். மூலைக்காலுக்குக் கான்கிரீட் போட விரும்பினால், காலின் அடிமுனை சரளைமேல் நிற்கட்டும். பக்கங்களில் மட்டும் கான்கிரீட் ஊற்றி, மேற்பரப்பைத் தரைக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் சரிவாக முடியுங்கள்.

மூலைக்காலும் கம்பியும்

வேலி சரிவது பெரும்பாலும் மூலையில் தொடங்கும். கம்பியின் இழுவை முழுவதும் அங்கேதான் விழுகிறது. ஒவ்வொரு மூலைக்காலுக்கும் கம்பி செல்லும் இரு திசையிலும் சாய்வாக ஒவ்வொரு முட்டுக்கால் கொடுங்கள். அதன் மேல்முனை மூலைக்காலின் மேல்பாதியில் பதியட்டும். கீழ்முனையைத் தட்டையான கல்மேல் வைத்துப் புதையுங்கள். கையில் பணம் இருந்தால் மூலைக்கும் வாசலுக்கும் மட்டும் கல்தூண் நிறுத்தி, இடையில் மரக்கால் ஊன்றலாம்.

கால்நடை எந்தப் பக்கமிருந்து மோதுமோ அந்தப் பக்கத்தில் கம்பியை அடியுங்கள். மோதும்போது ஆணி பிடுங்காமல் காலே தாங்கும்.

உயிர்க்கால்: செலவில்லாத வழி

உயிரோடு நிற்கும் மரக்கால் மக்குவதில்லை. காங்கேயம் பகுதிக் கொறங்காடுகளில் கிளுவை வேலி இன்றும் நிற்கிறது. பூவரசு, உதியன், கிளைரிசிடியா போத்துகளையும் மழைக்கு முன் ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றலாம். இவற்றை மட்டும் தலைகீழாக ஊன்றிவிடாதீர்கள், துளிர்க்காது. வேர் பிடித்து ஓராண்டு ஆன பிறகே கம்பியைச் சேருங்கள். ஆணி அடித்தால் மரம் பருத்துக் கம்பியை விழுங்கிவிடும், தளர்வாகக் கட்டினால் போதும். இரண்டு மரக்கால்களுக்கு நடுவே ஓர் உயிர்க்கால் வைத்து வந்தால், மரக்கால் பலமிழக்கும் காலத்தில் உயிர்க்கால் பொறுப்பேற்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை சோதனை

புரட்டாசியில், மழைக்கு முன், ஒவ்வொரு காலின் அடியிலும் நான்கு விரற்கடை மண்ணை விலக்கி, திருப்புளியால் குத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் கால் நன்றாக இருக்கிறது. அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் மழைக்கு முன்பே மாற்றுங்கள். மக்கிய பழைய கட்டையை முழுவதும் அகற்றாமல் அதே குழியில் புதுக்கால் வைக்காதீர்கள். முடியாவிட்டால் ஓர் அடி தள்ளிப் புதுக்குழி வெட்டுங்கள்.

உங்கள் மண்ணுக்கு ஏற்ற மரவகை, மருந்து ஏற்றிய கால்கள் பற்றிய விவரங்களுக்கு அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.