யாருடைய நடுக்கம் நோய்?

மேடையில் ரெண்டே பேர்: கவிஞர்கள் சசூன், ஓவன். ஸ்டீபன் மக்டொனால்ட் எழுதி, 1982இல் எடின்பரோவில் அரங்கேறிய ‘நாட் அபவுட் ஹீரோஸ்’ நாடகம். முதல் உலகப்போரில் மனம் சிதைந்தவர்களை வைத்திருந்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் 1917இல் இருவரும் நண்பர்களாகிறார்கள். போரை எதிர்த்து அறிக்கை விட்டதால் அங்கே அனுப்பப்பட்டவர் சசூன். குண்டதிர்ச்சியில் வந்தவர் ஓவன். ஓவனின் கவிதைகளைத் திருத்திக் கொடுக்கிறார் சசூன். போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4இல், ஓவன் களத்தில் சாகிறார்.

படிச்சு முடிச்சப்ப தொண்டை அடைச்சுது. ஆனா ஒரு கேள்வி விடல. அந்த மருத்துவமனை அதிகாரிகளுக்கு மட்டுமே. கோழை, ஓடிப்போனவன் என்றெல்லாம் குற்றஞ்சாட்டி பிரிட்டிஷ் ராணுவமே அந்தப் போரில் சுட்டுக்கொன்ற 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு. ஏறக்குறைய எல்லாருமே சாதாரணச் சிப்பாய்கள்.

அதிகாரி நடுங்கினால் நோய். சிப்பாய் நடுங்கினால் பல நேரம் குற்றம். மேல, கீழன்னு பார்த்து வலிக்குப் பேர் வைக்கிறது நமக்கென்ன புதுசா?