பொன்னியின் செல்வன் எந்தக் காலத்துக்குச் சாட்சி?

போன மாசம் ஒரு சாயங்காலம், அயோத்தியாப்பட்டணம் வீட்டில் கரண்ட் இல்லை. மகள் செல்போனில் தமிழ் விக்சனரியைத் திறந்து ஏதோ சொல்லுக்குப் பொருள் பார்த்தாள். பொருளுக்குக் கீழே எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம். அதன் கடைசியில் 'பொன்னியின் செல்வன், கல்கி' என்று குறிப்பு. "அப்பா, அப்போ இது ராஜராஜன் காலத்துச் சொல்லா?" என்று கேட்டாள். சின்னக் கேள்விதான். ஆனா எனக்கு ரெண்டு நாள் வேலை வைத்துவிட்டது.

அகராதிக்கு மேற்கோள் எதுக்கு? பொருள் என்பது அகராதி எழுதியவர் சொல்வது. மேற்கோள் அதற்குச் சாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924-1936, ஆறு தொகுதிகள்) நூல் பெயரைச் சுருக்கி, குறள் என்றால் குறள் எண்ணையும் சேர்த்தே தருகிறது. சந்தேகம் வந்தால் நாமே மூல நூலைப் புரட்டிச் சரிபார்த்துக்கலாம். ஆனால் அந்தச் சாட்சிகளில் பெரும்பங்கு செய்யுள். பொன்னியின் செல்வன் 'கல்கி' வார இதழில் தொடராக வந்ததோ 1950 முதல் 1954 வரை. லெக்சிகனில் அது இடம்பெற வழியே இல்லை. அந்த வகையில், நவீன உரைநடையையும் சாட்சிக்கூண்டில் ஏற்றிய இணைய அகராதிக்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், கதை நடப்பது பத்தாம் நூற்றாண்டில். மொழி இருபதாம் நூற்றாண்டுடையது. கல்கி இங்கே நமக்குப் பக்கத்தில், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து, 1929-ல் தொடங்கிய 'விமோசனம்' என்ற மதுவிலக்கு இதழில் வேலை செய்தவர். சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பழகிய கை அது. வந்தியத்தேவன் பேசுவதும் அந்தப் பத்திரிகைத் தமிழ்தான், சோழர் தமிழ் அல்ல.

ஒரு உதாரணம். நாவலில் 'வேளக்காரப் படை' வருகிறது. கல்கி கற்பனையாக உண்டாக்கிய பெயர் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'வேளைக்காரர்' உண்டு. இலங்கையில் பொலன்னறுவையில் அவர்கள் வைத்த தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. ஆக, சொல் பழசு. ஆனால் ஐகாரம் இல்லாத 'வேளக்கார' என்ற வடிவத்துக்கு நாவலைக் காட்டினால், அது 1950-களுக்குத்தான் சாட்சி. சோழர் காலத்துக்குக் கல்வெட்டைத்தான் கூப்பிடணும். ஆண்டு போடாவிட்டால் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஆண்டு இருப்பது இதற்காகத்தான்.

அடுத்தது, இடம். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், 293 அத்தியாயம். வெறும் நூல் பெயரை மட்டும் வைத்து ஒரு வாக்கியத்தை எங்கே தேடுவது? பக்க எண்ணும் உதவாது. பதிப்புக்குப் பதிப்பு மாறும், மின்னூலில் எழுத்தைப் பெரிசாக்கினாலே மாறும். பாகமும் அத்தியாயமும் எந்தப் பதிப்பிலும் மாறாது. சாஃப்ட்வேர் வேலையில் 'எங்கேயோ எரர் வருது' என்று ஒருத்தர் சொன்னால் நாம் என்ன செய்வோம்? எந்த ஃபைல், எந்த வரி என்றுதானே கேட்போம்! நாவல் முழுசாக இணையத்தில் கிடைப்பதால், தேடி அத்தியாயத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம் போதும்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். சில வருஷம் முன்னாடி என் சொந்தச் சொல் குறிப்புகளில் நானும் நூல் பெயரோடு நிறுத்தியவன். இப்போது திருத்தப் போனால், நாவலில் இருப்பதாக நான் எழுதி வைத்த ஒரு வாக்கியம் நாவலிலேயே கிடைக்கவில்லை! நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன் போல. நீக்கிவிட்டேன்.

மகளுக்குச் சொன்ன பதில் இதுதான்: "கதை ராஜராஜன் காலத்தது. வாக்கியம் உன் கொள்ளுத்தாத்தா படிச்ச காலத்தது, கண்ணு."