தானுந்து பிரேக் கோளாறுகள்

தானுந்து பிரேக் கோளாறுகள் என்பவை, ஓடும் தானுந்தின் (கார்) வேகத்தைக் குறைக்கவும் அதை நிறுத்தவும் பயன்படும் பிரேக் அமைப்பில் தேய்மானம், கசிவு, துரு, வெப்பம் முதலிய காரணங்களால் ஏற்படும் குறைபாடுகள் ஆகும். இவை பெரும்பாலும் திடீரெனத் தோன்றுவதில்லை. ஒலி, அதிர்வு, மணம், பெடலின் தன்மை ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களாக முன்கூட்டியே வெளிப்படுகின்றன. இவ்வறிகுறிகளுள் எது தீங்கற்றது, எது வண்டியை உடனே நிறுத்த வேண்டியது எனப் பிரித்தறிவது உயிர்காப்புக்கு இன்றியமையாதது.

செயற்படும் முறை

பிரேக் என்பது இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றும் கருவியாகும். 1000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு தானுந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 139 கிலோஜூல் ஆகும். இது அறை வெப்பநிலையில் உள்ள ஏறக்குறைய அரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டு செல்லப் போதுமானது. வேகம் இரு மடங்கானால் இவ்வாற்றல் நான்கு மடங்காகிறது.

ஓட்டுநர் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம், பாஸ்கல் விதியின்படி, பிரேக் ஆயில் வழியாக எல்லாச் சக்கரங்களையும் அடைகிறது. டிஸ்க் பிரேக்கில் காலிபர் எனும் பிடிப்பான், சுழலும் வட்டை இரு பேடுகளால் இறுக்குகிறது. டிரம் பிரேக்கில் இரு பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்துகின்றன. பல சிறிய தானுந்துகளில் முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் உள்ளன.

வரலாறு

பிரேக் ஒலி பற்றிய முறைப்பாடு டிஸ்க் பிரேக்கின் தொடக்கக் காலத்திலேயே இருந்தது. இங்கிலாந்தின் பிரடெரிக் லான்செஸ்டர் 1902 இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதில் பயன்பட்ட செம்புப் பேடுகள் உலோகத்தோடு உலோகம் உரசிக் கடும் ஒலி எழுப்பின. பின்னர் எர்பெர்ட் புரூட் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) கலந்த உராய்வுப் பொருளைக் கொண்டு இக்குறையைப் போக்கினார். கல்நார்த் தூசி நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும் என அறியப்பட்ட பின், கல்நார் அற்ற பேடுகள் பரவலாயின.

தமிழ்நாடு இத்துறையில் குறிப்பிடத்தக்க இடம் வகிக்கிறது. சென்னையை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962 இல் நிறுவப்பட்டது. ரானே பிரேக் லைனிங், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியனவும் சென்னையில் தோன்றிய நிறுவனங்களே.

ஒலிகளும் அவற்றின் பொருளும்

கீச்சொலி: பேடு அல்லது வட்டு உயர் அதிர்வெண்ணில் அதிர்வதால் இது பிறக்கிறது. பல பேடுகளில் தேய்மானத்தை உணர்த்தும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். உராய்வுப் பொருள் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டராகக் குறையும்போது இத்தகடு வட்டைத் தொட்டுக் கீச்சிடும். எனவே இடைவிடாத கீச்சொலி, பேடுகளை மாற்ற வேண்டும் என்பதற்கான எச்சரிக்கையாகும்.

அரைக்கும் ஒலி: பெடலை மிதிக்கும்போது கரகரவென அரைக்கும் ஒலி கேட்பின், உராய்வுப் பொருள் முற்றிலும் தேய்ந்து அதன் பின்னுள்ள எஃகுத் தகடு வட்டில் உரசுகிறது எனக் கொள்ள வேண்டும். இந்நிலையில் நிறுத்தும் தொலைவு கூடுகிறது, வட்டும் பள்ளம் விழுந்து கெடுகிறது. வண்டியை மேலும் ஓட்டாமல் பழுதுபார்க்க வேண்டும்.

எனினும் அரைக்கும் ஒலி அனைத்தும் பேடு தேய்ந்ததன் விளைவு அல்ல. விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தைச் சேர்ந்த அனந்தபுரம் போன்ற ஊர்களில் மண் தடங்களிலும் சரளைச் சாலைகளிலும் செல்லும் வண்டிகளில், வட்டுக்கும் அதன் தூசிக் காப்புத் தகட்டுக்கும் இடையே சிறுகல் சிக்குவதுண்டு. இது பிரேக்கை மிதிக்காதபோதும் உரசும் ஒலியைத் தரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரவு முழுவதும் நின்ற வண்டியின் வட்டில் மெல்லிய துரு படியும். காலையில் முதல் சில மிதிப்புகளுக்குள் இவ்வொலி மறைந்துவிடுமாயின் அது தீங்கற்றது. மறையாவிடில் சோதிக்க வேண்டும்.

இரைச்சல்: பிரேக்கை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் மாறாமல், வேகத்திற்கேற்பக் கூடிக் குறையும் இரைச்சல், பெரும்பாலும் சக்கரத்தின் பேரிங் பழுதைக் குறிக்கும். வளைவில் திரும்பும்போது இவ்வொலி மாறுபடுவது இதற்கு மேலும் ஓர் அடையாளம்.

ஏபிஎஸ் ஒலி: சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு இயங்கும்போது பெடல் துடிக்கும், கரகரப்பொலியும் எழும். இது கோளாறன்று. இவ்வேளையில் அஞ்சிக் காலை எடுப்பது தவறு. பெடலை விடாது அழுத்தியிருத்தல் வேண்டும்.

பிற அறிகுறிகள்

பஞ்சு போன்ற பெடல்: பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருப்பதைக் காட்டும். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும் என்பதே காரணம்.

மெல்லத் தாழும் பெடல்: தொடர்ந்து அழுத்தும்போது பெடல் தரையை நோக்கி இறங்கினால், ஆயில் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உட்கசிவு காரணமாகலாம்.

கடினமான பெடல்: மிதிப்புக்குத் துணைபுரியும் வெற்றிட பூஸ்டர் செயலிழந்திருக்கலாம். என்ஜினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்த பின், அழுத்தியவாறே என்ஜினை இயக்கினால் பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிடில் பூஸ்டரைச் சோதிக்க வேண்டும்.

ஒரு பக்கம் இழுத்தல்: காலிபர் இறுகிப்போதல், ஒரு பக்கப் பேடில் எண்ணெய் படிதல், டயர்களின் காற்றழுத்த வேறுபாடு ஆகியன காரணங்களாம்.

அதிர்வு: வட்டின் தடிப்பு சீராக இல்லாதபோது பெடலிலும் ஸ்டியரிங்கிலும் அதிர்வு உணரப்படும்.

வெப்பத்தால் பிடிப்பு குறைதல்

நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் பேடுகள் மிகச் சூடாகி உராய்வு குறைகிறது. கருகிய மணம் இதன் முதல் அறிகுறி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 வகையின் கொதிநிலை, புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு. ஈரம் ஏறியபின் இதன் வரம்பு 140 பாகையே. பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால் பெடல் முற்றிலும் பயனற்றுப் போகலாம். உதகமண்டலத்திலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டிச் சாலை போன்ற இடங்களில் இதுவே பெரும் ஆபத்து. கியரை நியூட்ரலில் வைத்து இறங்குவது முழுச் சுமையையும் பிரேக்கின் மீது ஏற்றுகிறது. முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்கினால் என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

சோதனையும் பராமரிப்பும்

பேடுகள் தேயத் தேய ஆயில் மட்டம் சிறிது குறைவது இயல்பு. மட்டம் குறைந்தவுடன் காரணம் அறியாது ஆயிலை மட்டும் நிரப்புவது தேய்மானத்தையோ கசிவையோ மறைத்துவிடும். என்ஜின் ஆயில் போன்ற கனிம எண்ணெயை ஒருபோதும் ஊற்றலாகாது. அது ரப்பர் வாஷர்களை ஊதச் செய்து பிரேக்கைச் செயலிழக்கச் செய்யும். ஒரே அச்சின் இரு பக்கப் பேடுகளையும் ஒருசேர மாற்றுதல் வேண்டும். டிரம்மில் சேர்ந்த தூசியை வாயால் ஊதியோ காற்றுக் குழாயால் அடித்தோ அகற்றாமல், ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பானது. ஜாக்கியால் மட்டும் தூக்கப்பட்ட வண்டியின் அடியில் வேலை செய்யலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

தானுந்து
உராய்வு
பாஸ்கல் விதி