நட்பேடுகளில் இடைக்காலச் சுவடிப் பாணி

நட்பேடு என்பது, ஒருவர் தம் நண்பர்களிடமும் உறவினர்களிடமும் கொடுத்து, கவிதை, வாழ்த்து, ஓவியம் முதலியவற்றை அவர்கள் கையாலேயே எழுதிப் பெற்றுப் பேணும் ஏடு ஆகும். 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் தொகுக்கப்பட்ட நட்பேடுகள் சிலவற்றில், ஐரோப்பிய இடைக்காலச் சுவடிகளைப் போலப் பொன்னாலும் வண்ணங்களாலும் ஒப்பனை செய்யப்பட்ட பக்கங்கள் உள்ளன. பெரிய முதலெழுத்து, கொடியும் பூவும் கொண்ட ஓரச் சட்டகம், கோதிக் எழுத்து ஆகியன இவற்றின் பொதுக் கூறுகளாகும்.

தோற்றம்

நட்பேட்டு வழக்கம் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் விட்டன்பெர்க் பல்கலைக்கழக மாணவரிடையே தோன்றியது. 19ஆம் நூற்றாண்டில் இது பெரும்பாலும் பெண்களின் வழக்கமாயிற்று.

அதே காலத்தில் இடைக்காலக் கலைமீது ஆர்வம் பெருகியது. ஹென்றி ஷா, சுவடி ஒப்பனைகளைத் தொகுத்து 1833இல் நூலாக வெளியிட்டார். ஹென்றி நோயல் ஹம்ஃப்ரீஸ் 1849இல் வெளியிட்ட பயிற்சி நூலில், மாணவர் வண்ணம் தீட்டுவதற்கான கோட்டுருவங்களும் இருந்தன. வண்ணக் கல்லச்சு முறை இத்தகைய மாதிரிகளைப் பலரிடமும் கொண்டு சேர்த்தது. ஆயினும், அச்சு எளிதாகிவிட்ட காலத்தில் கையால் ஒப்பனை செய்த பக்கம், நண்பருக்காகச் செலவிட்ட நேரத்தின் சான்றாக மதிக்கப்பட்டது. கவிஞர் வில்லியம் மோரிஸ் 1870இல் தம் தோழி ஜார்ஜியானா பர்ன்-ஜோன்சுக்கு, தம் கவிதைகளைத் தாமே எழுதி, நண்பர்களின் ஓவியங்களுடன் ஒரு தனி நூலாக அளித்தார்.

மூலச் சுவடிகளின் சிதைவு

இவ்வார்வம் மூலச் சுவடிகளுக்குத் தீங்காகவும் அமைந்தது. சுவடிகளிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட ஓவியங்களும் முதலெழுத்துகளும் தனித்தனியே விற்கப்பட்டு, தொகுப்பேடுகளில் ஒட்டப்பட்டன. 1825இல் இலண்டன் கிறிஸ்டீஸ் நிறுவனத்தில் இத்தகைய துண்டுகள் ஏலம் விடப்பட்டன. கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின், தம்மிடமிருந்த 13ஆம் நூற்றாண்டு வழிபாட்டுச் சுவடி ஒன்றின் தாள்களைப் பிரித்து நண்பர்களுக்கு வழங்கினார். பின்னர் அத்தாள்கள் தேடிச் சேர்க்கப்பட்டன. அச்சுவடி 1919 முதல் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அடையாளம் காணல்

நட்பேட்டுப் பக்கங்கள் ஏமாற்றும் நோக்கில் செய்யப்பட்டவை அல்ல. எனினும் ஏட்டிலிருந்து பிரிந்த பக்கத்தை ஆராயும்போது பின்வருவன உதவும்:

• இடைக்கால ஒப்பனைச் சுவடிகள் பெரும்பாலும் பதனிட்ட தோலில் எழுதப்பட்டவை. நட்பேடுகள் பொதுவாகக் காகிதத்தால் ஆனவை. காகிதத்தின் நீர்க்குறியில் ஆண்டு இருப்பின், பக்கம் அதற்கு முந்தியதாக இருக்க இயலாது.
• இடைக்கால ஓவியர் ஈய வெள்ளையைப் பயன்படுத்தினர். துத்தநாக வெள்ளை நீர்வண்ணம் 1834இல் விற்பனைக்கு வந்தது.
• செயற்கை அல்ட்ராமரைன் நீலம் 1820களின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்டது.

பிற்கால வண்ணம் காணப்படுவதால் மட்டும் பக்கம் முழுவதும் புதியது என முடிவு செய்ய இயலாது. பழைய சுவடிகளும் பிற்காலத்தில் திருத்தி வண்ணம் தீட்டப்பட்டதுண்டு.