காதுக்காகப் பிறந்த கனவு: ஸ்பைக் மில்லிகனும் பிரிட்டிஷ் சர்ரியல் நகைச்சுவையின் தோற்றமும்

பிரிட்டனின் சர்ரியல் நகைச்சுவையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1969 அக்டோபர் 5ஆம் நாளிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். ‘மான்ட்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்’ பிபிசி தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான நாள் அது. இந்தக் கணக்கில் பதினெட்டு ஆண்டுகள் விடுபட்டுப் போகின்றன. 1951 மே 28 அன்று பிபிசி வானொலியின் ஹோம் சர்வீஸில் ‘கிரேஸி பீப்பிள்’ என்ற அரைமணி நேர நிகழ்ச்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே ‘தி கூன் ஷோ’ என்று பெயர் மாறி, 1960 ஜனவரி 28 வரை பத்துத் தொடர்களாக நீடித்தது. அதன் மூளையாக இருந்தவர் ஸ்பைக் மில்லிகன். தொலைக்காட்சியில் பின்னாளில் மலர்ந்த அந்த நகைச்சுவையின் இலக்கணம் வானொலி நிலையத்தில், ஒலியைக் கொண்டே வகுக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டெரன்ஸ் ஆலன் மில்லிகன் 1918 ஏப்ரல் 16 அன்று அகமதுநகரில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர். புனேயிலும் ரங்கூனிலும் கழிந்த இளமை, 1930களின் தொடக்கத்தில் குடும்பம் லண்டனுக்குப் பெயர்ந்ததும் முடிந்தது. வெயிலும் ராணுவக் குடியிருப்பும் வேலையாட்களுமாக இருந்த வாழ்க்கை போய், தெற்கு லண்டனின் நெருக்கடியான வாடகை வீடு வந்தது. எக்காளமும் கிட்டாரும் வாசிக்கும் ஜாஸ் கலைஞரானார். 1940இல் பீரங்கிப் படையில் சேர்க்கப்பட்டு வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டார். 1944 ஜனவரியில் கசினோ போர்முனையில் குண்டுவீச்சில் காயமடைந்து மனமும் குலைந்தார். நடுங்கிக்கொண்டிருந்த அந்த இளைஞரைத் தேற்றுவதற்குப் பதிலாக மேலதிகாரி பதவி இறக்கம் செய்தார். கூன் ஷோவில் வரும் மேஜர் பிளட்னாக் கோழை, லஞ்சம் வாங்குபவர், இந்தியாவில் சேவை செய்ததாகப் பீற்றிக்கொள்பவர். அவரைக் கேட்கும்போதெல்லாம் இந்த நிகழ்வை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

போர் முடிந்ததும் படையிலிருந்து வந்த ஓர் இளைஞர் கூட்டம் லண்டனின் நாடகக் கொட்டகைகளில் வாய்ப்புத் தேடி அலைந்தது. ஹாரி சீகோம்ப், பீட்டர் செல்லர்ஸ், மைக்கேல் பென்டைன் ஆகியோர் அதில் இருந்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் ஜிம்மி கிராஃப்டன் நடத்திய மதுக்கடையில் மில்லிகனும் இவர்களுடன் சேர்ந்துகொண்டார். கிராஃப்டன் வானொலிக்கு எழுதுபவரும்கூட. நால்வரையும் வைத்து ஒரு நிகழ்ச்சி செய்யப் பல ஆண்டுகள் பிபிசியின் கதவைத் தட்டினார்கள். முதல் தயாரிப்பாளர் டென்னிஸ் மெயின் வில்சன். தொடக்கத் தொடர்கள் துணுக்குக் காட்சிகளும் பாட்டும் கலந்தவை; அவற்றில் புதுமை குறைவு. இரண்டாம் தொடருடன் பென்டைன் விலகினார்.

உண்மையான திருப்பம் பீட்டர் ஈட்டன் தயாரிப்பாளராக வந்தபோது நிகழ்ந்தது. ஈட்டன் வானொலி நாடகத்தில் பயின்றவர். கதவு திறந்தால் அது எந்த அறையின் கதவு என்று கேட்பவருக்குத் தெரியவேண்டும் என்று எதிர்பார்க்கும் துறை அது. நகைச்சுவை நிகழ்ச்சியில் அதுவரை ஒலிவிளைவு என்றால் கதவு தட்டலும் மணியோசையும்தான். நாடகத்துக்குரிய துல்லியத்தோடு ஒலி கிடைக்கும் என்று தெரிந்ததும் மில்லிகனின் எழுத்தே மாறியது. துணுக்குகள் மறைந்து, ஒவ்வொரு வாரமும் தொடக்கமும் ஓட்டமும் கொண்ட ஒரு முழுக்கதை வந்தது. 1955இல் ஒலிபரப்பான ‘நெப்போலியன்ஸ் பியானோ’வில், ஒரு பியானோவை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்ற ஐந்து பவுண்டு கூலி என்று கதாநாயகன் நெட்டி சீகூன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறான். பியானோ பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருப்பது பிறகுதான் தெரிகிறது. கடைசியில் அந்தப் பியானோவிலேயே ஏறி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிறார்கள். இதைப் படமாக எடுத்தால் பெரும் பொருட்செலவு. வானொலியில் அலையோசையும் இரண்டு பியானோக் கட்டைகளும் போதும். மீதியைக் கேட்பவரின் மனம் கட்டிக்கொள்ளும். கற்பனைக்குச் செலவே இல்லாத ஊடகம் வானொலி என்பதை அன்றைய நகைச்சுவையாளர்களில் மில்லிகன் அளவுக்கு உணர்ந்தவர் இல்லை.

ஒலிக்காக அவர் பட்ட பாட்டுக்குச் சான்றாக ஒரு கதை பலராலும் சொல்லப்படுகிறது. கூழ் போன்ற ஏதோ ஒன்று மோதும் ஓசை வேண்டுமென்று பிபிசி உணவகத்தில் கஸ்டர்டு செய்யச் சொல்லி, காலுறையைக் கழற்றி அதில் நிரப்பிச் சுழற்றி அடித்துப் பார்த்தாராம். எதிர்பார்த்த ஓசை வரவில்லை. கதை எவ்வளவு வளர்ந்திருந்தாலும் அதில் தெரியும் பிடிவாதம் உண்மை. 1958இல் பிபிசி தொடங்கிய மின்னணு ஒலிப்பட்டறையின் தொடக்ககாலப் படைப்புகளில் மேஜர் பிளட்னாக்கின் வயிற்றுக் கடமுடாவும் ஒன்று.

ஒலியில்லாத இடத்திலும் அவர் தர்க்கத்தைப் புரட்டினார். 1957இல் வந்த ஒரு காட்சியில் கூன் ஷோவின் பாத்திரமான புளூபாட்டில், இன்னொரு பாத்திரமான எக்கிள்ஸிடம் மணி என்ன என்று கேட்கிறான். எக்கிள்ஸிடம் கடிகாரம் இல்லை. எட்டு மணி என்று எழுதிய காகிதம் இருக்கிறது. காலையில் ஒரு நல்ல மனிதர் எழுதிக் கொடுத்தது. யாராவது கேட்கும்போது எட்டு மணி ஆகாமல் இருந்தால்? அப்போது காகிதத்தைக் காட்டமாட்டானாம். எட்டு ஆனது எப்படித் தெரியும்? காகிதத்தில்தான் எழுதியிருக்கிறதே! பிறகு புளூபாட்டில் காகிதத்தைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு அது ஓடவில்லை என்கிறான். இந்த இருவரும் முட்டாள்கள் என்று சொல்லிக் கடந்துவிடலாகாது. தாங்கள் ஏற்றுக்கொண்ட விதியிலிருந்து அவர்கள் ஓர் அடிகூடப் பிசகுவதில்லை. கனவுக்குள் இருப்பவர் கனவின் விதியைக் கேள்வி கேட்காததைப் போல, விதி மட்டுமே பைத்தியக்காரத்தனமாக இருக்க, நடத்தை முழுக்க ஒழுங்காக இருக்கிறது. சர்ரியல் நகைச்சுவையை வெறும் உளறலிலிருந்து பிரிக்கும் கோடு இதுதான் என்பது என் துணிபு.

இந்த நகைச்சுவைக்கு மில்லிகன் கொடுத்த விலை பெரிது. வாராவாரம் எழுதவும் நடிக்கவும் வேண்டியிருந்த சுமையில் 1952இன் இறுதியில் கடுமையாக மனம் குலைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வாழ்நாள் முழுக்க மன எழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி அவரை அலைக்கழித்தன. லாரி ஸ்டீஃபன்ஸ், எரிக் சைக்ஸ் ஆகியோர் எழுத்தில் தோள் கொடுத்தனர். அவரது நோயே அவரது மேதைமை என்று பேசும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. நோய் அவரை எழுதவிடாமல் தடுத்த நாட்களே அதிகம்.

மேடையில் தனித்து நின்று பார்வையாளரோடு வாயாடும் கலையில் அவர் கண்ட வெற்றி தற்செயலானது. ரஷ்ய எழுத்தாளர் கோன்சரோவின் ‘ஒப்லோமோவ்’ நாவலைத் தழுவிய நாடகத்தில் 1964இல் நடித்தார். அரங்கேற்றம் படுதோல்வி. மறுநாளிலிருந்து வசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மனம்போனபடி பேசத் தொடங்கினார். ‘சன் ஆஃப் ஒப்லோமோவ்’ என்று பெயர் மாறிய அந்த நாடகம் இரவுக்கு இரவு வேறாகி, அரங்கு நிறைந்து ஓடியது.

தொலைக்காட்சியில் 1956இலேயே இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டருடன் ‘எ ஷோ கால்டு ஃபிரெட்’ போன்ற முயற்சிகள் நடந்தன. ஆனால் 1969 மார்ச்சில் பிபிசி 2இல் தொடங்கிய ‘கியூ5’தான் உடைப்பு. காட்சிகளுக்கு முடிவு கிடையாது. நடிகர்கள் பாதியில் நிறுத்திவிட்டு, இனி என்ன செய்வது என்று முணுமுணுத்தபடி கேமராவை நோக்கி நகர்வார்கள். சிரிப்பு வெடிக்கும் கடைசி வரி என்ற கட்டாயம் அங்கே ஒழிந்தது. தாங்கள் செய்ய நினைத்ததை மில்லிகன் முந்திக்கொண்டார் என்று பைத்தான் குழுவினரே பிற்பாடு சொன்னார்கள். அதன் இயக்குநர் இயன் மெக்நாட்டனையே தங்கள் நிகழ்ச்சிக்குக் கேட்டுப் பெற்றார்கள்.

அதே 1969இல்தான் ‘கறி அண்ட் சிப்ஸ்’ வந்தது. மில்லிகன் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிப் பாகிஸ்தானி வேடமிட்ட அந்தத் தொடர், புகார்கள் குவிந்து ஆறு பகுதிகளோடு நின்றது. எழுதியவர் ஜானி ஸ்பைட் என்றாலும் மில்லிகன் தப்ப முடியாது. அகமதுநகரில் பிறந்தவர், இந்திய உச்சரிப்பைக் கேலிப்பொருளாக்க வாழ்நாள் முழுவதும் தயங்கவில்லை. அவரை எவ்வளவு நேசித்தாலும் இதை மறைத்து எழுதுவது ஆய்வாகாது.

கூன் ஷோவின் முதல் நான்கு தொடர்களின் ஒலிப்பதிவுகளில் பெரும்பகுதி காக்கப்படவில்லை என்பது இத்துறையின் பெரும் இழப்பு. 1957-58இல், அயல்நாட்டு ஒலிபரப்புக்காக நான்காம் தொடரின் சில கதைகள் ‘விண்டேஜ் கூன்ஸ்’ என்ற பெயரில் மீண்டும் நடித்துப் பதியப்பட்டன. மில்லிகனின் வளர்ச்சியை ஆராய்வோர் இந்த மறுபதிவுகளை 1953-54இன் குரலாகக் கொள்ளக்கூடாது. அவற்றில் ஒலிப்பது பிற்காலக் கைத்தேர்ச்சி. ஐந்தாம் தொடர் முதல் பெரும்பாலானவை கிடைக்கின்றன. முதன்முறையாகக் கேட்பவர்கள் ‘நெப்போலியன்ஸ் பியானோ’விலிருந்து தொடங்குங்கள், எழுத்துப் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.