கோவளம் கடற்கரையில் வேதம் தமிழ் பேசிய கதை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் கோவளம் என்ற மீனவ ஊர். அங்குள்ள கார்மேல் அன்னை ஆலயத்தை 1808-ல் கட்டியவர் ஜான் டி மான்டி என்ற பெரும் வணிகர். சென்னை 'டிமான்டி காலனி' இவர் பெயரில் வந்ததுதான்!

கோயில் வந்துவிட்டது. ஆனால் வேதம்?

அன்று திருப்பலி இலத்தீனில் நடந்தது. பெரும்பாலான மக்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஜெபமாலையும் தேர்பவனியும் புனிதர் கதைகளும்தான் அவர்களது விசுவாசத்தை வளர்த்தன. தமிழில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 1578-லேயே அன்றீக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' நூலைக் கொல்லத்தில் அச்சிட்டார். ஆனால் அது மறைக்கல்வி நூல், பைபிள் அல்ல.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) நிலைமையை மாற்றியது. திருப்பலி தாய்மொழிக்கு வந்தது. எல்லா விசுவாசிகளும் வேதம் வாசிக்க வேண்டும் என்று 1965-ல் சங்கம் வலியுறுத்தியது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய தமிழ்ப் பொதுமொழிபெயர்ப்பு 1995-ல் வெளியானது. 2002-ல் சென்னை-மயிலையிலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மறைமாவட்டமானது.

இதனால் என்ன பயன்? இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காமல் கரை திரும்பிய பேதுருவின் கதை லூக்கா நற்செய்தியில் வருகிறது. கோவளத்து மீனவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் வாழ்க்கையே அதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு, புயலில் தத்தளித்த சீடர்களின் கதையும் அப்படித்தான்.

வேதம் சொந்த மொழியில் கைக்கு வந்தால்தான் வாழ்க்கையோடு ஒட்டும். அதற்குக் கோயில் கட்டியதிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.