ப்ளூபேர்ட் கே7: மீட்டவர்களும் உடையவர்களும்

இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரி மாவட்டம் என்று வழங்கும் மலைப்பகுதியில், கோனிஸ்டன் என்றொரு சிற்றூர் உண்டு. ஊரின் பெயரே அதன் ஏரிக்கும் பெயர். அந்த ஏரிக்கரையிலுள்ள பிராண்ட்வுட் இல்லத்தில் ஜான் ரஸ்கின் தம் இறுதிக்காலத்தைக் கழித்து 1900இல் மறைந்தார். காந்தியடிகள் 'சர்வோதயம்' என்று பெயரிட்டுக் குஜராத்தியில் தந்த நூலின் மூல ஆசிரியர் என்ற வகையில் ரஸ்கின் நமக்கு அந்நியர் அல்லர். அவர் நினைவைப் போற்றும் வகையில் 1901இல் அவ்வூரில் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது.

ரஸ்கினுக்கு இரண்டு வெறுப்புகள் இருந்தன. ஏரி மாவட்டத்தின் அமைதிக்குள் இரயில் வண்டி புகுவதையே அவர் கடுமையாக எதிர்த்தார். இயந்திர வேகத்தின்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. பழம்பொருளைப் புதுப்பிப்பதையும் அவர் ஏற்கவில்லை. 1849இல் வெளியான கட்டடக்கலை பற்றிய தம் நூலில், பழைய கட்டடத்தைப் புதுப்பித்தல் என்பது அதை அழிப்பதன் மிக மோசமான வடிவம், அது ஒரு பொய் என்ற பொருள்பட அவர் வாதிட்டார். அத்தகையவரின் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில்தான், மணிக்கு 300 மைல் வேகத்தை எட்டிச் சிதறி, 34 ஆண்டுகள் ஏரியின் அடியில் கிடந்து, ஆர்வலர்கள் கைகளால் மீண்டும் உருப்பெற்ற ஒரு ஜெட் படகு 2024 மார்ச் 9ஆம் நாள் வந்து சேர்ந்தது. அந்தப் படகு ப்ளூபேர்ட் கே7. அது வந்து சேர்ந்த வழியைத்தான் இக்கட்டுரையில் நாம் பின்தொடர்கிறோம்.

ப்ளூபேர்ட் என்பது ஒரு குடும்பப் பெயர் போலவே ஆகிவிட்ட சொல். மால்கம் கேம்பெல் இளமையில் மேட்டர்லிங்க்கின் 'நீலப் பறவை' நாடகத்தைப் பார்த்து, தம் பந்தய ஊர்திக்கு அப்பெயரை இட்டார். பின்னர் அவர் ஓட்டிய ஊர்திகள் பலவும் அந்தப் பெயரையும் நீல நிறத்தையுமே ஏற்றன. நிலத்தில் ஒன்பது முறையும் நீரில் நான்கு முறையும் உலக வேகச் சாதனையை அவர் புதுப்பித்தார். 1935இல் அமெரிக்காவின் பொன்னவில் உப்புப்பரப்பில் 301 மைல் வேகத்தைத் தொட்டபின் நிலத்தை விட்டு நீருக்கு வந்தார். 1939 ஆகஸ்டில் கோனிஸ்டன் ஏரியில் கே4 என்னும் படகில் அவர் எட்டிய வேகம் 141.74 மைல். எல்லாவற்றிலும் உடனிருந்த பொறிவல்லுநர் லியோ வில்லா. 1948இன் கடைசி நாளில் மால்கம் மறைந்தார்.

மகன் டொனால்டுக்குத் தந்தையின் படகு சும்மா வந்துவிடவில்லை. தந்தையின் சொத்திலிருந்து அதை அவர் விலை கொடுத்தே பெற வேண்டியிருந்தது. குடும்பப் படகு ஒன்று யாருடையது என்ற கேள்வி இக்கதையில் இங்கேயே தொடங்கிவிடுகிறது என்பதைக் கவனத்தில் கொள்வோம். 1950இல் அமெரிக்கரான ஸ்டான்லி சேயர்ஸ் 160.32 மைல் வேகத்தில் மால்கமின் சாதனையைக் கடந்தார். டொனால்டும் லியோ வில்லாவும் பழைய படகையே மாற்றியமைத்து முயன்றனர். 1951இல் நீருக்குள் மறைந்திருந்த ஏதோ ஒன்றில் மோதி அது கோனிஸ்டனிலேயே மூழ்கியது. இருவரும் உயிர் தப்பினர். தந்தையின் படகு போயிற்று; மகன் தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்ள வேண்டிய காலம் வந்தது.

கென் நாரிஸ், லூ நாரிஸ் என்ற சகோதரர்கள் அதை வடிவமைத்தனர். எஃகுக் குழாய்ச் சட்டகம். அதன்மேல் அலுமினியக் கலவைத் தகடு. உள்ளே ஜெட் இயந்திரம். எல்லையற்ற வேகப் பிரிவில் பதிவான ஏழாவது பிரிட்டானியப் படகு என்பதால் கே7 என்ற எண். ஓடத் தொடங்கியதும் இத்தகைய படகு நீரில் மிதப்பதை விட்டு நீரின்மேல் சறுக்குகிறது. முன்னே இரு பக்கமும் உள்ள மிதவைகள், பின்னே ஒரு முனை என மூன்றே இடங்களில் அது நீரைத் தொடுகிறது. தொடும் பரப்பு குறையக் குறைய வேகம் கூடுகிறது. ஆனால் மூக்கு சற்றே உயர்ந்துவிட்டால் அடியில் புகும் காற்று படகையே தூக்கிப் புரட்டிவிடும். வேகமும் விபத்தும் ஒரே அமைப்பிலிருந்து பிறப்பவை.

1955 ஜூலையில் அல்ஸ்வாட்டர் ஏரியில் 202.32 மைல் வேகத்துடன் கே7 தன் முதல் சாதனையைப் படைத்தது. பத்தாண்டுக்குள் ஏழு சாதனைகள். கடைசியாக 1964 டிசம்பர் 31 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 276.33 மைல். அதே ஆண்டு ஜூலையில் நிலத்திலும் 403.1 மைல் வேகத்தில் சாதனை படைத்திருந்தார் டொனால்ட். ஒரே ஆண்டில் இரண்டையும் வென்றவர் அவர் ஒருவரே.

1966இல், பன்னிரண்டு வயதான அப்படகில் ஓர்ஃபியஸ் என்னும் புதிய இயந்திரத்தைப் பொருத்தி, 300 மைலைக் கடக்க முனைந்தார். 1967 ஜனவரி 4 காலை, கோனிஸ்டனில் முதல் ஓட்டம் 297.6 மைல் வேகத்தில் முடிந்தது. சாதனை செல்லுபடியாக மறுதிசையிலும் ஓட வேண்டும். எரிபொருள் நிரப்பாமலும், நீர் முற்றும் அடங்கக் காத்திராமலும் உடனே திரும்பினார். 300 மைலைத் தாண்டிய நிலையில் படகின் மூக்கு எழுந்தது. படகு காற்றில் புரண்டு நீரில் விழுந்து உடைந்தது. எரிபொருள் குறைந்ததால் எடை குறைந்தது, அலை, இயந்திரத்தின் உந்துவிசை தளர்ந்தது என்று காரணங்கள் பல கூறப்படுகின்றன. அவர் உடன் வைத்திருந்த கரடிப் பொம்மை நீரில் மிதந்தது. உடல் கிடைக்கவில்லை. சுமார் 45 மீட்டர் ஆழத்தில் படகு தங்கிவிட்டது. டொனால்டின் வயது 45.

ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம் அந்த ஏரி ஒரு கல்லறையாகவே கருதப்பட்டது. மேரிலியன் என்னும் ராக் இசைக்குழு 1995இல் வெளியிட்ட தொகுப்பில் டொனால்டின் மரணத்தைப் பற்றி ஒரு பாடல் இருந்தது. அதைக் கேட்டுத் தூண்டுதல் பெற்றவர் டைன் நதிப்பகுதியைச் சேர்ந்த முக்குளிப்பாளர் பில் ஸ்மித். பல ஆண்டுத் தேடலுக்குப் பின் 2001 மார்ச் 8 அன்று படகின் பெரும்பகுதியை அவரும் தோழர்களும் மேலே கொண்டுவந்தனர். மே மாதம் டொனால்டின் உடல் கிடைத்தது. செப்டம்பர் 12 அன்று கோனிஸ்டனில் அடக்கம் நடந்தது. இறந்தவரை அவர் இறந்த இடத்திலேயே விட்டுவைப்பதுதான் மரியாதை என்று எண்ணியவர்கள் இருந்தனர். ஆனால் மகள் ஜீனாவுக்குத் தந்தையின் பெயர் பொறித்த ஒரு கல்லும், சென்று நிற்க ஓர் இடமும் கிடைத்தன. முதல் கேள்விக்கான விடையை இதற்குமேல் நாம் வாதிட வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி கடினமானது. மேலே வந்த சிதைவை என்ன செய்வது? அதை அப்படியே, நசுங்கிய நிலையில் காட்சிக்கு வைக்கலாம். அந்த நசுங்கலும் வரலாறுதான். மீட்டுருவாக்கத்திற்காகக் கேட்ட லாட்டரி மரபு நிதியுதவி மறுக்கப்பட்டது. விபத்து எழுதிய சாட்சியத்தை அழித்துவிட்டுப் புதிய படகைச் செய்வதில் என்ன பொருள் என்பது பாதுகாப்புத் துறையினரின் நியாயமான ஐயம். ரஸ்கினின் குரலே அதில் ஒலிக்கிறது. குடும்பத்தாரோ, தந்தையை அவர் சாவின் வடிவில் மக்கள் பார்ப்பதை விரும்பவில்லை. குடும்ப அறக்கட்டளை 2006 டிசம்பரில் படகை ரஸ்கின் அருங்காட்சியகத்திற்கு வழங்கியது. அதை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் பணி பில் ஸ்மித்தின் தன்னார்வக் குழுவின் கைக்கு வந்தது.

தமிழ் படித்த நமக்கு இந்தச் சிக்கல் ஏடுகளின் வழியே அறிமுகமானது. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் சிதைந்த அடிகளைத் தாமே எழுதி நிரப்பவில்லை. கிடைக்காத இடங்களைக் கிடைக்காதவையாகவே காட்டினார். 267, 268ஆம் பாடல்கள் இன்றும் எண்களாகவே நிற்கின்றன. ஆனால் அரித்த ஏட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியும் அவர் அமையவில்லை. படிக்கத்தக்க நூலாக்கி நம் கையில் தந்தார். நூலின் தொழில் படிக்கப்படுவது. படகின் தொழில் ஓடுவது. விடுபட்ட இடத்தோடு ஒரு பாடலைப் படித்துவிடலாம். துளையோடு ஒரு படகை ஓட்ட முடியாது. பதிப்பாசிரியருக்கு வாய்த்த வசதி படகைச் செப்பனிடுபவருக்கு இல்லை என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

நார்த் ஷீல்ட்ஸில் ஒரு பணிமனையில் அந்தக் குழுவினர் கைக்கொண்ட விதி, இவ்வேறுபாட்டிற்குள் இயன்ற நேர்மையான விதி எனலாம்: எந்தத் தகட்டை நிமிர்த்திப் பயன்படுத்த முடியுமோ அதை நிமிர்த்துவது, முடியாதபோது மட்டும் புதிது செய்வது. சிதைவை ரிவெட் ரிவெட்டாகப் பிரித்தனர். மடிந்து கசங்கிய அலுமினியத் தகடுகளைச் சூடேற்றி இளக்கி, தட்டி, பழைய வளைவுக்கே கொண்டுவந்தனர். புதிய தகட்டில் ஒரு நாளில் முடியும் வேலை பழைய தகட்டில் வாரக்கணக்கில் நீண்டது. முறிந்து சிதைந்த முன்பகுதியைப் பெரிதும் புதிதாகவே அமைக்க நேர்ந்தது. ஓர்ஃபியஸ் இயந்திரத்தின் மெக்னீசிய உறைகளை ஏரி நீர் தின்றுவிட்டிருந்தது. வேறோர் ஓர்ஃபியஸ் இயந்திரம் அங்கே அமர்ந்தது. நிறுவனங்கள் பொருள் தந்தன. ஆர்வலர்கள் மாலைகளையும் விடுமுறைகளையும் தந்தனர். கூலி என்று எவரும் எதுவும் பெறவில்லை.

2018 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் பியூட் தீவிலுள்ள லாக் ஃபாட் ஏரியில், 51 ஆண்டுகளுக்குப் பின் கே7 தன் பலத்தில் நீரில் சறுக்கியது. சுமார் 150 மைல் வேகம். பழைய சாதனைகளில் பாதிதான். அதற்குமேல் விரட்டுவது நோக்கமும் அன்று. மிதவைகள் நீரைவிட்டு எழும் காட்சியைக் கரையில் நின்று கண்டவர்களில் ஜீனாவும் ஒருவர். வேக ஆராய்ச்சியின் அந்த வடிவம் எப்படி இயங்கியது என்பதை இனி நிழற்படங்களைக் கொண்டு ஊகிக்க வேண்டியதில்லை. ரஸ்கினுக்கு நாம் சொல்லக்கூடிய பதில் இருக்குமானால் அது இதுதான்: கட்டடம் நிற்கும்போதே தன் பொருளைச் சொல்கிறது, ஓடுவதற்கென்று பிறந்தது ஓடினால்தான் சொல்லும்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஆர்வலர் குழுக்களைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகளில் இதுவும் ஒன்றாகியிருக்கும். மூன்றாவது கேள்வி அதன்பின்தான் எழுந்தது: மீண்டு வந்த படகு யாருடையது? கொடைப் பத்திரத்தின்படி அது தனக்கே உரியது, கோனிஸ்டனுக்கே வர வேண்டும் என்றது அருங்காட்சியகம். 2010இல் அதற்கென்று தனிக் கூடமே கட்டி வைத்திருந்தது. கொடையாகச் சென்றது ஒரு சிதைவு; தாங்கள் புதிதாகச் செய்து சேர்த்த பாகங்களில் தங்களுக்கும் உரிமை உண்டு; படகு தொடர்ந்து ஓடவும் வேண்டும் என்றது பணிமனைத் தரப்பு. பேச்சு முறிந்து, விவகாரம் சட்டத்தின் வாயிலுக்குச் சென்றது. கூடம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் காத்திருந்தது.

எவரையும் குற்றவாளியாக்கும் விருப்பம் நமக்கு இல்லை. உடைமையைச் சட்டம் ஆவணத்தால் அளக்கிறது. வேறு எதனால் அது அளக்க முடியும்? ஆனால் உழைப்பின் மதிப்பு கூலியோடு தீர்ந்துவிடுவதில்லை என்று கற்பித்தவர் ரஸ்கினேதான். காந்தியை 1904இல் ஓர் இரயில் பயணத்தில் உலுக்கியதும் அந்த எண்ணமே. கூலி வாங்காத உழைப்பை எந்தக் கணக்கில் வைப்பது என்பதற்கு ரஸ்கினிடமும் எளிய விடை இருந்திருக்காது. தகடு ஒன்றை ஒருவர் வாரக்கணக்கில் நிமிர்த்தும்போது அவர் பெறுவது ஊதியமன்று, உறவு. அந்த உறவைப் பத்திரத்தில் எழுதி வைக்கும் வழக்கம் நமக்கு இல்லை. நட்பில் தொடங்கும் பணிக்கு எழுத்து எதற்கு என்று எல்லாரும் எண்ணுகிறோம். சங்கம், நூலகம், சிற்றிதழ் என்று கூடி உழைத்துப் பழகிய இலக்கியவாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பணி தோற்றால் பூசல் வராது, வென்றால்தான் வரும்.

இறுதியில் படகு கோனிஸ்டனுக்குத் திரும்பியது. தெருவோரங்களில் மக்கள் கூடி நின்று வரவேற்றனர். சட்டம் சொல்லக்கூடியதைச் சொல்லியாயிற்று. எனினும் அந்த நீலத் தகட்டை அருகில் சென்று பார்ப்பவர், 1950களின் கைவேலை எங்கே முடிகிறது, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய கைவேலை எங்கே தொடங்குகிறது என்று எளிதில் பிரித்தறிய இயலாது. மால்கமின் பெயர், டொனால்டின் துணிவு, நாரிஸ் சகோதரர்களின் கணக்கு, லியோ வில்லாவின் கை, பெயர் வெளித்தெரியாத தன்னார்வலர்களின் மாலைப்பொழுதுகள் ஆகிய அனைத்தும் ஒரே வண்ணப்பூச்சின் கீழ் இருக்கின்றன. உரியவர் பெயரைப் பலகையில் ஒருவர் பெயராக எழுதிவிடலாம். மீட்டவர்கள் பெயரையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் எழுதுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.